மின்சார பவர் ஸ்டியரிங் வேலை செய்வது எப்படி?

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

இருபுறமும் வண்டிகள் நிற்கும் கோட்டூர்புரத்துக் குறுகிய தெருக்களில் ஒரு காரை நிறுத்தி எடுப்பது எளிய செயல் அன்று. ஸ்டியரிங்கை ஒரு கோடிக்கு ஒடித்து, பின்னால் வந்து, மறு கோடிக்கு ஒடிக்க வேண்டும். பழைய அம்பாசடர் காரில் இதற்குத் தோள்வலிமை தேவைப்பட்டது என்று பெரியோர் கூறுவர். இன்றைய கார்களிலோ மெலிந்த கையும் போதுமானதாக இருக்கிறது. இந்த உதவியைச் செய்வது எது? அதை நம் விருப்பம்போல் கூட்டவோ குறைக்கவோ செய்யலாமா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணெயிலிருந்து மின்சாரத்திற்கு

முதலில் வந்தது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங். அமெரிக்காவில் 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார் இவ்வசதியுடன் விற்பனைக்கு வந்தது. இதில் எண்ணெய் பம்ப்பை எஞ்சின் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நேர்ச்சாலையில் உதவி தேவைப்படாதபோதும் பெட்ரோல் வீணாகும். 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்னும் சிறிய காரில் பம்ப்புக்குப் பதிலாக மின்மோட்டார் பொருத்தப்பட்டது. திருப்பும்போது மட்டுமே உழைப்பதால் எரிபொருள் மிச்சமாயிற்று.

இத்தொழிலில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1929இல் இங்கே தொடங்கப்பட்ட ராணே குழுமம், ஜப்பானின் என்.எஸ்.கே. நிறுவனத்துடன் கூட்டாக மின்சார பவர் ஸ்டியரிங் தயாரித்து வந்தது. 2024இல் என்.எஸ்.கே.யின் பங்கையும் ராணே வாங்கிக்கொண்டது.

முறுக்கை அளக்கும் சென்சார்

நாம் எவ்வளவு பலத்துடன் திருப்புகிறோம் என்பதை மோட்டார் எப்படி அறியும்? இங்குதான் சென்சாரின் வேலை தொடங்குகிறது. ஸ்டியரிங் தண்டு நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, டார்ஷன் பார் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே முறுக்கு ஏற்படுகிறதல்லவா? அதுபோலவே நாம் ஸ்டியரிங்கைத் திருப்ப, டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்க, இக்கம்பி சில டிகிரி மட்டும் முறுக்கிக்கொள்ளும். பலம் கூடினால் முறுக்கும் கூடும்.

இந்த முறுக்கை அளக்கும் முறைகளுள் ஒன்று ஹால் விளைவு. எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் இதை 1879இல் கண்டறிந்தார். மின்னோட்டம் பாயும் தகடு ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்தால், அதன் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும். தண்டின் ஒரு பகுதியில் வளையக் காந்தமும் மறு பகுதியில் ஹால் சென்சாரும் இருக்கும். கம்பி முறுக்கும்போது காந்தப்புலம் மாற, மின்னழுத்தமும் மாறும். பல கார்களில் கை படாதபோது இது 2.5 வோல்ட், ஒரு பக்கம் திருப்பினால் ஏறும், மறு பக்கம் திருப்பினால் இறங்கும்.

ஒரு சென்சாரை மட்டும் நம்பி உயிரை ஒப்படைக்கலாகாது. ஆகவே இரண்டு அளவுகள் அனுப்பப்படும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கூட்டினால் 5 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு உதவியை நிறுத்திவிடும். தண்டு சக்கரங்களோடு நேராக இணைந்திருப்பதால், அப்போதும் பலத்துடன் திருப்பிக் காரை ஓரம் கட்டலாம்.

இப்பெட்டி வண்டியின் வேகத்தையும் கணக்கில் கொள்ளும். நிறுத்தும்போது அதிக உதவி. வேகம் கூடக்கூடக் குறைந்த உதவி.

உதவியை மாற்றலாமா?

என் பெரியம்மாவுக்குத் தோள்வலி உண்டு. அவருடைய காரின் ஸ்டியரிங் கனமாக இருந்தபோது, கடைக்காரர் ஒருவர், "வேக ஒயரில் சின்னப் பெட்டி ஒன்று மாட்டினால் பஞ்சு போல ஆகிவிடும்" என்றாராம். பெரியப்பா சம்மதிக்கவில்லை. அவர் தயங்கியதன் காரணத்தை நாமும் ஆராய்வோம்.

வண்டி நிற்கிறது என்று பெட்டியை ஏமாற்றினால், அது எப்போதும் முழு உதவி தரும். தெருவில் அது சுகம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தும்மல் போட்டாலும் கார் அடுத்த தடத்திற்குப் பாயக்கூடும். சென்சாரின் மின்னழுத்தத்தை மாற்றுவது இன்னும் ஆபத்து. 2.5 வோல்ட் என்னும் நடுநிலை சிறிது நகர்ந்தாலும், யாரோ திருப்புவதாக எண்ணி மோட்டார் தானே காரை ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு அளவுகளையும் சேர்த்து மாற்றிவிட்டால் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். பிழை பெட்டிக்குத் தெரியாது. மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

அப்படியானால் கனமான ஸ்டியரிங்கிற்கு வழியில்லையா? உண்டு. முதலில் டயர்க் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் தரையில் அதிகமாகப் படிந்து எதிர்ப்பு கூடும். பிறகு பாட்டரி. நிறுத்தும்போது மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்குமாதலால், பாட்டரி தளர்ந்தால் உதவியும் தளரும். அடுத்து ஒயர் இணைப்புகள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் கோட்டூர்புரத்திற்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. சிறிய கார்கள் பலவற்றில் மோட்டார் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலேயே இருக்கிறது. வெள்ளநீர் அங்கே புகுந்தால் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் கனம் தீரவில்லையெனில், தயாரிப்பாளரின் பணிமனையில் கணினி கொண்டு சென்சாரின் நடுநிலையைச் சரிபார்க்கச் செய்யலாம். சில கார்களில் உதவியைக் கூட்டும் பொத்தானே உண்டு. அது தயாரிப்பாளர் சோதித்துக் கொடுத்தது.

பெரியம்மாவின் காரில் முன்டயர் இரண்டிலும் காற்று மிகக் குறைவாக இருந்தது. நிரப்பியபின் கனம் பெரிதும் குறைந்தது.

முடிவுரை

கையின் பலத்தை அளப்பது சென்சார், கணக்கிடுவது பெட்டி, உழைப்பது மோட்டார். இம்மூன்றும் ஒன்றையொன்று நம்பியே இயங்குகின்றன. ஆகவே வீட்டில் கார் வைத்திருக்கும் தோழியர், ஸ்டியரிங் கனத்தால் ஒயரை வெட்டச் சொல்லும் முன் காற்றழுத்தத்தைப் பார்க்கும்படி தம் பெற்றோரிடம் கூறுவார்களாக.