நூல் காட்டிய வழி

உலகப் படத்தில் அலாஸ்காவின் வட கரையிலுள்ள உட்கியாக்விக் நகரம் இடது ஓரத்தில் கிடக்கிறது. நோர்வேக்குரிய ஸ்பிற்ஸ்பேர்கன் தீவின் லோங்யியர்பியன் மேலே, நடுவுக்குச் சற்று வலப்புறம். இரண்டிலும் விமான நிலையம் உண்டு. படத்தை நம்பினால் இடையே அரைவாசி உலகம்!

நான் பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன்; நீங்களும் செய்து பாருங்கள். இறுக்கிப் பிடித்ததும் நூல் கிழக்கே போகாது. வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிச் சென்று, மறுபுறம் இறங்கும். இதுதான் பெருவட்டப் பாதை. முதல் நகரம் துருவத்திலிருந்து 18.7 பாகை, மற்றது 11.8 பாகை. ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் இரண்டையும் கூட்டலாம். பாகைக்கு 111 கிலோமீற்றர் என்றால் 3,400க்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் விமானத்துக்கு நாலேகால் மணித்தியாலம்.

1928 ஏப்ரலில் ஹியூபேர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் ஒற்றை எஞ்சின் விமானமொன்றில் உட்கியாக்விக் அருகிலுள்ள பொயின்ற் பரோவிலிருந்து ஸ்பிற்ஸ்பேர்கனுக்குப் பறந்தார்கள். துருவத்துக்கு மேலாக அல்ல, கிறீன்லாந்துப் பக்கமாக. எடுத்த நேரம் இருபது மணித்தியாலங்களுக்குச் சற்று மேல். புயலில் இறங்கிச் சில நாட்கள் அடைபட்டது வேறு கதை.

இன்றைய பயணிக்கு அந்த வழி இல்லை. ஒன்றில் சுமார் 5,000 பேர், மற்றதில் 2,500 பேர். இவர்களுக்காக யார் நேரடிச் சேவை நடத்துவார்? அங்கரேஜ், சியாற்றில், பிறகு ஐரோப்பா, ஒஸ்லோ என்று 12,000 கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாளைத் தாண்டிவிடும். வில்கின்ஸ் முந்திவிடுகிறார்.