கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரா, இல்லாததா?

டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சிலவற்றுக்குள்ளேயே திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாததை வாங்கினால், தனி கிராபிக்ஸ் கார்டு போடும்வரை மானிட்டர் இருண்டே கிடக்கும். மதர்போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ப்ராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால்தான் அந்த போர்ட் வேலை செய்யும்.

இன்டெல்லில் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும். 2019-ல் ஒன்பதாம் தலைமுறையோடு வந்த ‘எஃப்’ மாடல்களில் கிராபிக்ஸ் கிடையாது. மற்றபடி ப்ராசஸர் அதேதான். 2022-ல் வந்த ஐ5-12400, 12400எஃப் இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட், 18 எம்பி கேஷ். வேகமும் ஒன்றே. அறிமுக விலையில் வித்தியாசம் 25 டாலர்.

முதல் நாளே நல்ல கார்டு போடுகிறவருக்கு எஃப் போதும் என்று சொல்வதுண்டு. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அது சரிதான். ஆனால் அந்த 25 டாலருக்குக் கிடைப்பது சிறிய விஷயமில்லை. ஒருநாள் திரை வரவில்லை என்றால், கார்டைக் கழற்றிவிட்டு, கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகிப் பார்க்கலாம். படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் கார்டில்தான். அது சர்வீஸிலிருந்து திரும்பும்வரை வேலையும் நிற்காது. எஃப் வைத்திருப்பவர் இதைச் சோதிக்கவே இன்னொரு கார்டை இரவல் வாங்க வேண்டும். வீடியோ எடிட்டிங்கில் உதவும் குவிக் சிங்க் வசதியும் கிராபிக்ஸ் பகுதியோடு சேர்ந்தது. எஃப் மாடலில் அதுவும் போய்விடும்.

ஏஎம்டியில் கணக்கு வேறு. 2017-ல் வந்த முதல் ரைசன்களில் கிராபிக்ஸ் இல்லை. 2018-ல் ‘ஜி’ மாடல்கள் வந்தன. இன்டெல்லைப் போல இங்கே மற்றதெல்லாம் ஒன்றாக இருக்காது. ரைசன் 5 5600எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பிதான். கேஷ் குறைந்தால் கேம்களில் ஃப்ரேம் குறையும். அதனால் வலுவான கார்டு போட நினைப்பவர் ஜி வாங்குவது வீண். கார்டே வேண்டாம் என்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை: 2024-ல் வந்த 8700ஜியின் ரேடியான் 780எம், பல கேம்களை செட்டிங்ஸைக் குறைத்து 1080பி-யில் ஓட்டிவிடும்.

ஜி வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது ரேமில். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே அது பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரட்டைச் சேனலில் 51.2 ஜிபி. எனவே ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் போடுவதே மேல்.

2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையில் இந்த இழுபறி பெரும்பாலும் தீர்ந்தது. அதில் கேஷைக் குறைக்காமல், தனிச் சில்லு ஒன்றில் சிறிய கிராபிக்ஸ் பகுதியை வைத்தார்கள். கேம் ஆட அதற்குத் தெம்பில்லை. திரையைக் காட்டவும் படம் பார்க்கவும் தாராளமாகப் போதும். அந்த வரிசையிலும் 7500எஃப் போன்ற எஃப் மாடல்கள் உண்டு என்பதால், பில் போடும் முன் பெட்டியில் கடைசி எழுத்தைப் பார்ப்பது அவசியம்.