தனி நாடு அறிவித்த வந்தவாசிக்காரர்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கப் போனால் தென் மாநில கவர்னர்களைத் தாண்டிப் போக முடியாது. சவுத் கரோலினா கவர்னர் பிரான்சிஸ் பிக்கன்ஸ் பெரிய பண்ணை முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவர். அவர் பதவிக்கு வந்த சில நாளில், 1860 டிசம்பர் 20 அன்று, அந்த மாநிலம் அமெரிக்காவை விட்டு விலகியது. ஜனவரியில் சம்டர் கோட்டைக்கு உதவி கொண்டுவந்த கப்பலை மாநிலப் படை சுட்டு விரட்டியது. ஏப்ரல் 12-ல் கோட்டை மேலேயே குண்டு விழுந்தது. அப்புறம் நாலு வருஷம் போர், ஆறு லட்சத்துக்கு மேல் சாவு.

இந்தியாவில் இப்படிப் பிரிந்துபோகப் பார்த்த ஆட்சியாளர் யாருன்னு தேடினா, ஆரணிக்காரனான எனக்கு அவர் பக்கத்து ஊர்க்காரராகவே கிடைத்தார். 1879-ல் வந்தவாசியில் பிறந்த சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் திவான்.

அவரைப் பிக்கன்ஸோடு அப்படியே சேர்த்துவிடக் கூடாது. திருவிதாங்கூர் 1855-லேயே அடிமை முறையை ஒழித்துவிட்டது. 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனம் இவர் திவானாக இருக்கும்போது வந்ததுதான்.

ஆனால் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி வந்தபோது ஆள் வேறு மாதிரி. 1946-ல் ஒரு அரசியல் திட்டம் கொண்டுவந்தார்: எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் சட்டசபையால் திவானை நீக்க முடியாது. அதற்கு அவர் முன்மாதிரி சொன்னது, வேடிக்கையைப் பாருங்க, அமெரிக்காவை. அந்த 'அமெரிக்கன் மாடலை' அரபிக்கடலில் போடு என்று கோஷம் எழுந்தது. அக்டோபரில் புன்னப்புரா, வயலாரில் கயிறுத் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் எழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

1947 ஜூன் 11-ல், ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் ஒரு இசை விழாவில் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் அவரை வெட்டினார். உயிர் பிழைத்தார். ஆனால் சில நாளிலேயே மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார். ஆகஸ்டில் சி.பி. பதவி விலகினார்.

அங்கே நாலு வருஷப் போர், இங்கே ரெண்டே மாசம். ஏன்?

பின்னால் நின்றது யார் என்று பார்த்தால் புரியும். 1860-ல் சவுத் கரோலினாவின் ஏழு லட்சம் பேரில் நாலு லட்சம் பேர் அடிமைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த மாநிலத்தில் கவர்னரைத் தேர்ந்தெடுத்ததே சட்டசபைதான், ஜனங்கள் இல்லை. ஆனால் சட்டசபை, பணம், படை மூன்றும் ஒரே வர்க்கத்தின் கையில் இருந்தன. அதனால் போர் நடத்த முடிந்தது. சி.பி. பின்னால் அரண்மனை மட்டும்தான். கீழே இருந்தவர்கள் ஏற்கெனவே எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் பேசப்பட்டது 'நம் சுதந்திரம்'. இரண்டு இடத்திலும் அந்த 'நம்' ரொம்பச் சின்னது.

இன்னொன்றும் சொல்லணும். பின்னாளில் தேசிய ஒருமைப்பாடு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையிலிருந்து வந்ததுதான் பிரிவினைப் பேச்சுக்குக் கடிவாளம் போட்ட 1963-ன் 16-வது திருத்தம். அதையொட்டித்தான் அண்ணாவின் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் குழுவின் தலைவர்? சர் சி.பி.யேதான்.