ஊட்டிக் குளிரில் ஒரு மூக்கு

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. எல்லாமே புரளி. இப்படிப்பட்ட மிரட்டல்கள் மலையேறி ஊட்டிப் பள்ளிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் புரளி என்பது தேடி முடித்த பிறகுதானே தெரியும்? அந்தத் தேடலுக்கு ஒரு முறை இருக்கிறது.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவதற்கு முன்பே அந்த மைதானத்தையும் போகும் வழியையும் சோதித்துவிட வேண்டும். கூட்டம் அங்கேதான் சேரும் என்பது குண்டு வைப்பவனுக்கும் தெரியும்! பிறகு வகுப்பறைகள். முதல் சுற்றில் தரையிலிருந்து இடுப்பு வரை, அடுத்ததில் இடுப்பிலிருந்து தலை வரை, கடைசியில் கூரை. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்க்கும் கண் எதையும் பார்ப்பதில்லை.

ஊட்டி அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் உறைவிடப் பள்ளியின் வளாகம் சுமார் 750 ஏக்கர். அங்கே வெளியிலிருந்து வரும் போலீஸ்காரருக்கு எல்லாப் பைகளும் ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில் தினமும் பெருக்கும் ஆயாவுக்கோ, நேற்று இல்லாத பை எது என்று உடனே தெரிந்துவிடும். அதனால்தான் ஊழியர்களையும் தேடலில் சேர்க்கச் சொல்கிறார்கள். சந்தேகப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது; பக்கத்தில் நின்று செல்போனிலோ வாக்கி-டாக்கியிலோ பேசவும் கூடாது.

அடுத்து மோப்ப நாய். டிஎன்டி என்ற வெடிமருந்து அறை வெப்பத்தில் மிகச் சொற்பமாகத்தான் ஆவியாகும்: நூறு கோடிக் காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே பத்துக்கும் குறைவு. இந்தியா முழுவதிலும் பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பதற்குச் சமம். நாய் நொடிக்கு ஐந்து முறை மோந்து அதைப் பிடிக்கிறது. மூச்சு விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை.

மலையில் இந்த வேலை கடினம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டிஎன்டியின் ஆவி நாலைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் குளிரால் ஒரு லாபமும் உண்டு. சமவெளி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. ஊட்டியில் அந்தத் தொல்லை குறைவு. காற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே கிளம்பும். வாசனையும் அதோடு போகும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கீழிருந்து தேடிப் போவதே புத்திசாலித்தனம்.

வாசனை கிடைத்தால் நாய் குரைக்காது, பேசாமல் உட்கார்ந்துவிடும். அப்புறம் செயலிழப்பு நிபுணர்களின் வேலை. அவர்களிடம் உள்ள ஒரு கருவி தண்ணீரைத் தோட்டாவைப் போல் பாய்ச்சும். மின்சுற்று வேலை செய்வதற்குள் பொருளையே பிய்த்தெறிந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தத் தண்ணீர்தான்.

புரளி நாளில் நாய்க்கு ஒன்றும் அகப்படாது. தொடர்ந்து ஏமாந்தால் அதற்குத் தேடும் ஆர்வமே போய்விடும். ஆகவே பயிற்றுநர்கள் ஒரு மாதிரிப் பொருளை எங்காவது ஒளித்துவைத்து, நாய் அதைக் கண்டுபிடித்ததும் பந்தைக் கொடுத்து விளையாட விடுவதுண்டு.