துண்டுத் துணிப் போர்வையும் தானாக நிற்கும் மின்னழுத்தியும்

வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்குத் தையல் இயந்திரத்துக்கு அடுத்த துணை, அயன் என்று நாம் சொல்லும் மின்னழுத்திதான். அதிலும் வெட்டுத் துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைப்பவர்களுக்கு அது இல்லாமல் ஒரு வரிசைகூட நகராது. தைத்த பொருத்தை அழுத்திப் படிய வைத்தால்தான் அடுத்த துண்டு அளவாக வந்து சேரும். ஒவ்வொரு பொருத்திலும் 1 மில்லிமீற்றர் பிசகினால், 20 துண்டுகள் கொண்ட வரிசையில் பிழை ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் ஆகிவிடும்.

இந்த வேலையில் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அரை நிமிடம் அழுத்துகிறோம், பத்து நிமிடம் தைக்கிறோம். மின்னழுத்தியோ நாள் முழுவதும் சூட்டிலேயே நிற்கிறது. அன்புவழிபுரம் போன்ற இடங்களில் தைக்கும் அறையே பிள்ளைகள் படிக்கும் அறையாகவும் உறங்கும் அறையாகவும் இருக்கிறது. உலை பொங்கினாலோ குழந்தை அழுதாலோ எழுந்து ஓடுகிறோம்.

மின்வெட்டு இன்னொரு ஆபத்து. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளானது. அழுத்திக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், சுவிச்சை மறந்து வெளியே போய்விடுகிறோம். யாரும் இல்லாத வேளையில் கரன்ட் வந்தால், துணிமேல் கிடக்கும் மின்னழுத்தி சூடேறத் தொடங்கும்.

இதற்குத்தான் தானாக நிற்கும் வசதி. வாங்கும்போது ஒரு விடயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பெரும்பாலான மின்னழுத்திகளில் சிறு விளக்கு அணைந்து எரியும். அது வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவியின் வேலை மட்டுமே. மின்னழுத்தி நின்றுவிட்டது என்பதல்ல. உண்மையான தானியங்கி நிறுத்தம் அசைவைக் கவனிக்கும். பல தயாரிப்புகளில், படுக்க வைத்து அசைக்காவிட்டால் 30 செக்கனிலும், நிமிர்த்தி வைத்தால் 8 நிமிடத்திலும் சூடேற்றல் நின்றுவிடும். கடையிலேயே செருகி, அசைக்காமல் வைத்து, நேரம் பார்த்து வாங்குங்கள்.

தைக்கும் இடையில் அது அடிக்கடி நிற்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். கையில் எடுத்து அசைத்ததும் மீண்டும் சூடேறும் வகையைத் தெரிவு செய்தால் காத்திருக்கும் நேரம் சிறிதுதான். அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

நீராவி பருத்தித் துணிக்கு நல்லது. ஆனால் ஈரமான துணி இழுபடும், குறுக்கு வெட்டுள்ள ஓரங்கள் இன்னும் எளிதாக இழுபடும். ஆகவே தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுங்கள். நீராவியை முற்றாக மூடும் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டுத் துண்டுகளில் துணியின் வகை எழுதியிருக்காது. ஒரு புள்ளி அடையாளம் 110, இரண்டு 150, மூன்று 200 பாகை செல்சியஸ் வரை. நைலோன் கலந்திருந்தால் உருகும். முதலில் ஒரு மூலையில் குறைந்த சூட்டில் சோதியுங்கள்.

கிணற்று நீரில் சுண்ணாம்பு இருந்தால் துளைகள் அடைத்து, வெள்ளைக் கறை துணியில் விழும். கையேட்டில் சொன்ன நீரையே ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மிச்ச நீரைக் கொட்டிவிடுங்கள்.

2000 வாற்று மின்னழுத்தி ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. பல பொருட்கள் செருகிய நீட்டிப்பு வயரிலும் கூடாது. மூன்று முள் கொண்ட 13 அம்பியர் இணைப்பே பொருத்தம்.

பணம் போதாவிட்டால் நீராவியை விட்டுவிடலாம். தெளிப்புப் போத்தலில் நீர் தெளித்துச் சாதாரண மின்னழுத்தியால் அழுத்தினாலும் பொருத்து நன்றாகப் படியும். தானாக நிற்கும் வசதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தாலும் எழும்பும்போது பிளக்கைக் கழற்றும் பழக்கம் வேண்டும். மாதக்கணக்கில் தைத்த போர்வையும், அதன் அருகே உறங்கும் பிள்ளையும் அந்த ஒரு நொடிக் கவனத்தை நம்பியே இருக்கிறார்கள்.