தாத்தா பேர் சரி, அதை யார் சொன்னது?



முன்பெல்லாம் குடும்பக் கதையை இஸ்தோப்பில் உட்கார்ந்து பாட்டி சொல்லக் கேட்போம். இப்போது அது கைத்தொலைபேசியில் வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்புகிறான். கோத்தகிரியில் இருக்கிற பெரியப்பா வீட்டுப் பிள்ளை அனுப்புகிறது. "இதுதான் நம்ம வம்ச மரம்" என்று ஒரு படம். மேலே பூட்டன் பேர், அதற்குக் கீழே தாத்தா, பிறகு அப்பா, சித்தப்பா, அத்தை என்று கிளை கிளையாக இருக்கிறது. பார்க்க மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பாட்டியிடம் ஒருமுறை காட்டிப் பாருங்கள். "இது யாரு? என் மாமனார் பேரு இது இல்லையே! இவரு அவருக்கு அண்ணன்காரராச்சே!" என்று சொன்னாலும் சொல்லுவார். ஒரு கிளை இடம் மாறி ஒட்டியிருக்கிறது. ஒட்டியது யார், எதைப் பார்த்து ஒட்டினார் என்று கேட்டால் பதில் இல்லை. "வாட்ஸ்அப்பில் வந்தது" என்பார்கள்.

வம்ச மரம் எழுதுவது நல்ல காரியம். அதோடு சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னது, எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாத மரம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்போம்.

நமக்கு ஏன் இது பெரிய காரியம்?

மற்றவர்களுக்கு வம்ச மரம் பொழுதுபோக்காக இருக்கலாம். மலையக மக்களுக்கு "உன் அப்பன் யார், பாட்டன் யார், எப்போது வந்தான்?" என்ற கேள்வி வாழ்க்கைக் கேள்வியாக இருந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர்கள், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் குடும்பஸ்தர் என்றால் 7 வருஷமும் மற்றவர் என்றால் 10 வருஷமும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கையில் பத்திரம் இல்லாத எத்தனையோ பேருடைய மனுக்கள் தள்ளப்பட்டன.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் கப்பல் ஏறினார், தம்பி லயத்திலேயே நின்றார். அப்படிப் பிரிந்த குடும்பங்கள்தான் இன்று கைத்தொலைபேசி வழியாக ஒன்றையொன்று தேடுகின்றன.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், அவர்களின் வழியில் வந்து இங்கே வாழ்பவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. "வழியில் வந்தவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது வம்ச மரம்தான்!

கந்தோரில் யாரும் நம்முடைய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து முடிவு செய்யப் போவதில்லை. பத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் படத்தில் பார்த்த பேரைப் பேரப்பிள்ளை அப்படியே விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? பழைய பத்திரத்தில் ஒரு பேர், புதிய விண்ணப்பத்தில் வேறு பேர். அடையாள அட்டைக்கும், சேமலாப நிதிக்கும், காணி உறுதிக்கும் நடையாய் நடக்க வேண்டி வரும். அந்த ஒவ்வொரு நாளும் ஒரு பேர் குறைகிற நாள்தானே.

பிழை எப்படி வருகிறது?

முதலாவது, பேர். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, செக்ரோலில் லெட்சிமி, அடையாள அட்டையில் லட்சுமி, வீட்டில் கூப்பிடுவது பாப்பாத்தி. நாலு பேருக்கும் ஆள் ஒன்றுதான். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி மறுபடி தமிழுக்கு வரும்போது எழுத்து மாறியிருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே குடும்பத்தில் இரண்டு ராமசாமி, மூன்று ராமசாமி இருப்பார்கள். அவசரத்தில் மரம் எழுதுகிறவர் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, பாட்டனுடைய மனைவியைப் பேரனுக்குக் கட்டிவைத்துவிடுவார்!

இரண்டாவது, முறை. பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். தாத்தாவின் தம்பியும் தாத்தாதான். மாமா என்றால் அம்மாவின் தம்பியாகவும் இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். ஆகவே பாட்டியிடம் கேட்கும்போது "கூடப்பிறந்த அண்ணனா? அவருக்கு அம்மா யாரு?" என்று இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ஒரே கங்காணியின் ஆள்கட்டில் வந்தவர்கள் எல்லோரையும் சொந்தக்காரர் என்று எழுதிவிடவும் கூடாது.

மூன்றாவது, ஊர். "எங்களுக்குத் திருச்சி" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அது பட்டணமாக இருக்காது, ஜில்லாவாக இருக்கும். அந்த ஜில்லாவிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஒருவர் திருச்சி என்றும் மற்றவர் கரூர் என்றும் எழுதியிருந்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். கிராமத்தின் பேர் கிடைத்தால்தான் உறுதி. தோட்டமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பேர், நம் வாயில் வேறு பேர், டிவிசனுக்குத் தனிப் பேர். மூன்றையும் எழுதி வையுங்கள்.

நாலாவது, வயது. பழைய காலத்தில் பிறந்த திகதியை யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். "மலேரியா வந்த வருஷம்" என்றால் 1934-35. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்றால் 1942. "தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம்" என்றால் 1964 டிசம்பர். "நான் அப்போ கொழுந்துக் கூடை தூக்குற வயசு" என்று சொன்னால் வருஷத்தை ஓரளவு மதிக்கலாம். அந்த மதிப்பை மதிப்பு என்றே எழுத வேண்டும். "1 ஜனவரி 1932" என்று நாமாகத் திகதி போட்டுவிட்டால், நாளைக்குப் பார்க்கிறவர் அதைப் பத்திரத்தில் இருந்ததாக நம்பிவிடுவார்.

ஐந்தாவதுதான் பெரிய பிழை. ஒருவர் ஊகித்து எழுதுகிறார். பத்துப் பேர் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். பிறகு வருகிறவர் "பத்து இடத்தில் இப்படித்தான் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும்" என்கிறார். பத்து இடத்தில் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். அந்த ஒரு சாட்சியும் கண்ணால் கண்டவர் அல்ல.

எதை நம்பலாம்?

சம்பவம் நடந்த காலத்திலேயே, அதை அறிந்தவர் சொல்லி எழுதிய பத்திரம்தான் முதலாவது. பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, பிரசாவுரிமைப் பத்திரம், பாடசாலை அனுமதிப் புத்தகம், கோவில் அல்லது தேவாலயப் பதிவு, தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகம், செக்ரோல் எல்லாம் இதில் சேரும்.

பத்திரத்திலும் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மரணப் பத்திரத்தில் இறந்த திகதி அநேகமாகச் சரியாக இருக்கும். அதில் உள்ள வயது, சோகத்தில் நின்ற மகன் உத்தேசமாகச் சொன்னதாக இருக்கலாம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருஷத்தைக் காட்டும். அந்த வருஷமே உத்தேச வயதுப் பத்திரத்தை வைத்துப் போட்டதாக இருந்தால் அதுவும் மதிப்புத்தான்.

பிறகு காலக் கணக்கையும் பாருங்கள். "பூட்டன் 1840இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்" என்று மரத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1840 என்றால் கோப்பிக் காலம். வருஷம் சரியென்றால் தேயிலை பிழை, தேயிலை சரியென்றால் வருஷம் பிழை. அதேபோல் "1890இல் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் ரயில் பிடித்தார்" என்றால் அதுவும் பொருந்தாது. அந்தக் கப்பலும் ரயிலும் சேர்ந்து ஓடத் தொடங்கியது 1914இல். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம் என்று இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எப்படி எழுதி வைப்பது?

ஒரு கொப்பி போதும். இப்படி எழுதுங்கள்:

"தாத்தா பேர் ராமசாமி. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் உள்ளது. பத்திரம் பெரிய அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது - உறுதி."

"தாத்தாவின் ஊர் முசிறிப் பக்கம். பாட்டி சொன்னது, இந்தத் தைப்பொங்கல் அன்று கேட்டது - வாய்ச்சொல்."

"தாத்தா வந்த வருஷம் 1925 அளவில். பாட்டி சொன்ன வயதை வைத்து நான் கணக்குப் பார்த்தது - ஊகம்."

உறுதி, வாய்ச்சொல், ஊகம் என்று மூன்று வகை. வாய்ச்சொல் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். பத்திரம் இல்லாத நமக்குப் பெரியவர்களின் வாய்தான் பெட்டகம். யார் வாய், எப்போது சொன்னது என்று எழுதினால் அதற்கு மதிப்புக் கூடும். இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை அழித்துவிட வேண்டாம்.

இணையத்தில் போடும்போது

பேமிலி சேர்ச், ஜெனி போன்ற தளங்களில் ஒரே மரத்தில் பலரும் எழுதுகிறார்கள். நாம் போட்டதை வேறொருவர் மாற்றலாம், அவர் போட்டதை நாமும் மாற்றலாம். அங்கே ஆதாரம் எழுதுவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். அதை வெறுமையாக விடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே போடுங்கள். இன்று வெற்றிடமாக இருந்தால் நாளைக்கு ஒருவர் நிரப்புவார். பொய்யால் நிரப்பிவிட்டால் அப்புறம் யாரும் தேடமாட்டார்கள்.

மற்றவர் மரத்தில் பிழை கண்டால் சண்டைக்குப் போக வேண்டாம். "அண்ணே, இதை எங்கேயிருந்து எடுத்தீங்க? எங்க பாட்டி வேற மாதிரி சொல்றாங்க" என்று கேளுங்கள். நம்மிடம் இல்லாத பத்திரம் அவரிடம் இருக்கவும் கூடும். நீலகிரிப் பக்கம் போன சொந்தங்களிடம், அன்று இங்கே கொடுத்த பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கலாம். விட்டுப்போன கிளை அங்கேயே கிடைக்கலாம்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பத்திரங்களின் போட்டோ எதையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். அதை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செத்தவர்களின் விவரம் மரத்துக்கு, இருப்பவர்களின் விவரம் வீட்டுப் பெட்டிக்கு.

மரம் எழுதும்போது சொந்தப் பத்திரத்திலேயே பிழை தெரிய வந்தால், கிராம உத்தியோகத்தரைக் கண்டு பேசி, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்க் கேளுங்கள். பிள்ளையின் சோதனைக்கோ பெரியவரின் சேமலாபப் பணத்துக்கோ அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பத்திரம் பெட்டியில் இருக்கும், எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். பாட்டி அப்படி இல்லை. இன்று இராத்திரி அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "பாட்டி, உங்க அம்மா பேரு என்ன? அவங்க எந்த ஊரு?" என்று கேளுங்கள். கையில் ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கட்டும். பேரை எழுதி முடித்ததும், அதற்குக் கீழே பாட்டியின் பேரையும் இன்றைய திகதியையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.