மஞ்சள் கேப்சூல்: இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?

ரசத்தில் ஒரு சிட்டிகை, சளி பிடித்தால் பாலில் கொஞ்சம்... மஞ்சளை நமக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே மஞ்சள் இப்போது ‘பவர்ஃபுல் ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற லேபிளோடு கேப்சூலாக வருகிறது. சாப்பிடலாமா?

அது என்ன ஆன்டிஆக்ஸிடன்ட்?

உடல் எனர்ஜி தயாரிக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளும் உருவாகின்றன. பக்கத்தில் இருப்பதிடம் எலக்ட்ரானைப் பிடுங்குவதுதான் இவற்றின் வேலை. அளவு மீறினால் செல்களும் டிஎன்ஏவும் பாதிக்கப்படும். இவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், டெஸ்ட் டியூபில் இதை நன்றாகவே செய்கிறது.

அப்போ பிரச்னை எங்கே?

டெஸ்ட் டியூப் வேற, நம்ம உடம்பு வேற. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. உள்ளே போன கொஞ்சத்தையும் உடல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும்.

இன்னொரு விஷயம், ஃப்ரீ ரேடிக்கல் முழு வில்லனும் இல்லை. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்களே அதைப் பயன்படுத்துகின்றன. ‘ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு ஏற்கெனவே ஒருமுறை பொய்த்திருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 29,133 பேர். 1994-ல் வெளியான முடிவு: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்!

மிளகு சேர்த்தால்?

1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தனர். உடலுக்குக் கிடைத்த குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. அதனால்தான் பல கேப்சூல்களில் பைப்பரின் சேர்க்கிறார்கள்.

உறிஞ்சும் அளவு கூடினால் ரிஸ்க்கும் கூடலாம். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வுக் குழு, மஞ்சள் சப்ளிமென்ட் தொடர்பான 10 பேரின் பாதிப்பை 2022-ல் பதிவு செய்தது. அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். 7 பேருக்கு ஒரே வகை மரபணு இருந்தது. இது அரிதுதான். ஆனால், அந்த மரபணு நமக்கு இருக்கிறதா என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

* சமையலில் மஞ்சள், மிளகு: தாராளமாகத் தொடரலாம். அந்த அளவு வேற, கேப்சூல் அளவு வேற.
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பைக் கல், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கேப்சூலைத் தொட வேண்டாம்.
* கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, காரணமே இல்லாத அசதி வந்தால் கேப்சூலை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.
* ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று டாக்டர் கேட்டால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘அது வெறும் மஞ்சள்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.